எட்டு மச்சான்மாரும் ஓர் அனுமதிப்பத்திரமும்

"நாங்கள் எல்லோரும் மச்சான்மார், சேர்."

நான் வாய் திறந்து எதையும் கேட்பதற்கு முன்னரே அந்தத் தம்பி ஆங்கிலத்தில் சொன்ன முதல் வாசகம் இது. 2023 டிசம்பரில், கிழக்கு லண்டனின் ஈஸ்ட்ஹாம் பகுதியில், வரிசை வீடு ஒன்றின் வாசலில் நின்றிருந்தேன். குளிருக்குக் கறுப்பு மேலங்கி அணிந்திருந்தேன். மூக்குக்கண்ணாடியும் இருந்தது, கக்கத்தில் ஒரு கோப்பும் இருந்தது. வீட்டைச் சோதனையிட வந்த நகரசபை அதிகாரி என்று அவர் என்னை எண்ணிவிட்டார் என்பது சில விநாடிகள் கழித்தே எனக்குப் புரிந்தது. நானோ, யாழ்ப்பாணத்தில் அவரது தாயார் என்னிடம் கட்டித் தந்திருந்த மிளகாய்த்தூளையும் ஒடியல்மாவையும் பருத்தித்துறை வடையையும் ஒப்படைக்க வந்தவன்.

விடயம் தெரிந்ததும் அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். உள்ளே அழைத்துச் சென்று தேநீர் தந்தார். மூன்று படுக்கையறைகள் கொண்ட வீடு அது. முன்பக்க விறாந்தை அறையைப் பலகை அடித்து இரண்டாக்கியிருந்தார்கள். எட்டுப் பேர் வசித்தார்கள். இருவர் இரவு வேலைக்குச் செல்பவர்கள். அவர்கள் எழுந்து சென்ற மெத்தையில் பகல் வேலையை முடித்து வந்தவர்கள் படுப்பார்கள். புகை எச்சரிக்கைக் கருவி கூரையில் இருந்தது, அதன் மூடி திறந்து தொங்கியது, உள்ளே பற்றரி இல்லை. சமைக்கும்போது ஓயாமல் கத்துகிறது என்று கழற்றிவிட்டார்களாம். முன்கதவை உள்ளிருந்து திறப்பதற்கும் சாவி வேண்டும். அந்தச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன். "கடைசியாகப் போனவரிட்டை இருக்கும், அங்கிள்" என்றார்.

எட்டுப் பேரில் எவரும் எவருக்கும் மச்சான் அல்லர். நான்கு வெவ்வேறு ஊர்கள், எட்டு வெவ்வேறு குடும்பங்கள். கவுன்சிலில் இருந்து எவரேனும் வந்தால் அப்படிச் சொல்லுமாறு வீட்டுக்காரர் சொல்லிக் கொடுத்திருந்தார்.

அந்தப் பொய்யைச் சொல்லிக் கொடுத்தவருக்குச் சட்டம் தெரியாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவருக்குச் சட்டம் மிக நன்றாகவே தெரியும். இங்கிலாந்தின் 2004ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டத்தின்படி, ஐந்து பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட குடும்பங்களாக, சமையலறையையும் குளியலறையையும் பகிர்ந்து வாழும் வீட்டை வாடகைக்கு விடுவதற்கு உள்ளூர் நகரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். எச்.எம்.ஓ. என்று நம்மவர்கள் சுருக்கமாகச் சொல்வது இதைத்தான். 2006 ஏப்ரலில் இது நடைமுறைக்கு வந்தபோது மூன்று மாடிகளும் அதற்கு மேலும் உள்ள வீடுகளுக்கு மட்டுமே கட்டாயமாக இருந்தது. 2018 ஒக்டோபர் 1 முதல் மாடிக்கணக்கு நீக்கப்பட்டது. ஈஸ்ட்ஹாமை உள்ளடக்கிய நியூஹாம் நகரசபை 2013 ஜனவரியிலேயே, இங்கிலாந்தில் முதன்முறையாக, தன் எல்லை முழுவதிலும் தனியார் வாடகை வீடுகளுக்கு அனுமதிப்பத்திரத்தைக் கட்டாயமாக்கியது.

இச்சட்டத்தில் "ஒரே குடும்பம்" என்பதற்கு ஒரு வரைவிலக்கணம் உண்டு. பெற்றோர், பிள்ளைகள், பேரர்கள், சகோதரர்கள், மாமன், மாமி, மருமக்கள் என்று நீளும் அந்தப் பட்டியலின் கடைசியில், ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்லால் குறிக்கப்படும் மச்சான், மச்சாள், ஒன்றுவிட்ட சகோதரர் ஆகிய அத்தனை பேரும் அடங்குகின்றனர். எட்டுப் பேரும் மச்சான்மார் என்றால் அது ஒரே குடும்பம். ஒரே குடும்பம் என்றால் எச்.எம்.ஓ. அனுமதிப்பத்திரம் தேவையில்லை. எமது உறவுமுறைச் சொல் ஒன்று வெள்ளைக்காரனின் சட்டத்தில் இருக்கும் ஓர் ஓட்டையின் அளவுக்குச் செதுக்கப்பட்டு, யாழ்ப்பாணத்துப் பிள்ளையின் வாயில் வைக்கப்பட்டிருக்கிறது.

அந்த வீட்டுக்காரரை எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் எனக்கு மூத்தவர். சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, நீர் பேப்பர்க்காரன். இந்தக் கவுன்சில்காரர் எங்கட சனத்தை உறிஞ்சிற கதையை ஒருக்கா விளாசி எழுதும். எங்கட வீட்டில எங்கட பெடியளை வைச்சிருக்க அவனிட்டை லைசென்ஸ் எடுக்கவேணுமாம்."

"பாப்பம் அண்ணை" என்றேன். பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆனால் அவர் கேட்ட கட்டுரை இதுவல்ல.

அவர் அடுக்கிய வாதங்கள் மூன்று. அவை அவருடைய வாதங்கள் மட்டும் அல்ல. லண்டனில் கோவில் மண்டபங்களிலும் கலியாண வீடுகளிலும் இந்த மூன்றையும் நான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். ஆகவே ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லவேண்டியவனாகிறேன்.

முதலாவது வாதம்: இது வருமானம் பார்க்கும் தந்திரம்.

கட்டணம் நகரசபைக்கு நகரசபை வேறுபடுகிறது. ஆயிரம் பவுண்களைத் தாண்டும் இடங்கள் பல உண்டு. அனுமதிப்பத்திரம் பொதுவாக ஐந்து ஆண்டுகள் வரை செல்லுபடியாகும். ஒரு கணக்குப் போடுவோம். கட்டணம் 1,500 பவுண் என்றே வைத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டுகள் என்பது 60 மாதங்கள். மாதத்துக்கு 25 பவுண். அந்த வீட்டில் எட்டுப் பேர். ஒருவரிடமிருந்து மாதம் 450 பவுண் காசாக, பற்றுச்சீட்டு இல்லாமல் வாங்கப்படுகிறது. மொத்தம் 3,600 பவுண். மாதம் 3,600 பவுண் வரும் வீட்டுக்கு மாதம் 25 பவுண் கட்டச் சொன்னால் அதற்குப் பெயர் உறிஞ்சுதலா? தலைக்கு மூன்று பவுண் சொச்சம் வருகிறது. ஈஸ்ட்ஹாம் கடைத்தெருவில் ஒரு தேநீரும் ஒரு ரோல்ஸும் வாங்கும் காசு அது.

அனுமதிப்பத்திரக் கட்டணத்தைக் கொண்டு நகரசபை வீதிக்குத் தார் ஊற்றவும் முடியாது. அத்திட்டத்தை நடத்துவதற்கும் அமுல்படுத்துவதற்கும் ஆகும் செலவை ஈடுசெய்யவே அதை அறவிடலாம். கவுன்சில் வரியைப் போலப் பொது வருமானமாகக் கருத அதற்கு அதிகாரமில்லை.

கட்டணத்துக்கு அப்பால் செலவு இருக்கிறதே என்பார் அண்ணர். ஆம், இருக்கிறது. வருடாந்தம் எரிவாயுப் பரிசோதனைச் சான்றிதழ், ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு தடவை மின்சார இணைப்புகளின் பரிசோதனை, ஒவ்வொரு மாடிக்கும் புகை எச்சரிக்கைக் கருவி, தீ பரவுவதைத் தாமதிக்கும் கதவுகள், உள்ளிருந்து சாவியின்றித் திறக்கும் பூட்டு. இவற்றுக்குச் செலவழிக்க விரும்பாதவர் மற்றவர்களின் உயிரைப் பணயம் வைத்து இலாபம் பார்ப்பதாகத்தான் கணக்கு முடியும்.

இரண்டாவது வாதம் கனமானது. அதை ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. "பதிவு, பொலிஸ், சோதனை எண்டு அங்கே பட்டது போதாதோ? இங்கேயும் எங்கட வீட்டில ஆர் ஆர் இருக்கினம் எண்டு பட்டியல் கொடுக்கவேணுமோ?" என்று அண்ணர் கேட்டார்.

இந்தக் கேள்வியின் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. கொழும்பு லொட்ஜ்களில் தங்கிய ஒவ்வொரு தமிழனுக்கும் அது தெரியும். 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பகுதி லொட்ஜ்களில் பொலிஸாரும் படையினரும் நுழைந்து, தங்கியிருந்தவர்களை உடுத்த உடுப்புடன் பஸ்களில் ஏற்றினார்கள். 376 தமிழர்கள் அன்று கொழும்பிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். பெரும்பாலானோர் வவுனியாவுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். மருத்துவத்துக்கு வந்தவர்களும் கடவுச்சீட்டு எடுக்க வந்தவர்களும் வேலை தேடி வந்தவர்களும் அவர்களில் அடங்குவர். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அப்போதைய பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க பின்னர் வருத்தம் தெரிவித்தார். அன்று கொழும்பில் செய்தியறையில் இருந்தவன் நான். தொலைபேசியின் மறுமுனையில் அழுத குரல்கள் இன்னும் என் காதில் இருக்கின்றன. பதிவேடு என்ற சொல்லைக் கேட்டாலே எமது சனத்துக்கு வயிற்றைக் கலக்குவது ஏன் என்று எனக்கு எவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

ஆனால் ஒரு விடயத்தை அண்ணர் மறைக்கிறார், அல்லது மறந்துவிட்டார். கொழும்பில் பொலிஸார் பதிவு செய்தது லொட்ஜில் தங்கியவனை. ஈஸ்ட்ஹாமில் நகரசபை பதிவு செய்வது வீட்டை வாடகைக்கு விடுபவரை. அனுமதிப்பத்திரப் பதிவேடு பொதுமக்கள் பார்வையிடக்கூடிய ஒன்று. அதில் இருப்பவை அனுமதிப்பத்திரம் பெற்றவரின் பெயர், வீட்டின் விலாசம், அறைகளின் விபரம், எத்தனை பேர் வரை வசிக்கலாம் என்ற எண்ணிக்கை போன்றவை. குடியிருக்கும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் அல்ல. அங்கே பலமற்றவன் பலமுள்ளவனுக்குக் கணக்குக் காட்டவேண்டியிருந்தது. இங்கே 3,600 பவுண் வாங்குபவர் கணக்குக் காட்டும்படி கேட்கப்படுகிறார். எதிரெதிரான இந்த இரண்டையும் ஒன்றென்று காட்டி, அன்று பஸ்ஸில் ஏற்றப்பட்டவர்களின் கண்ணீரைத் தமது வாடகை வருமானத்துக்குக் கவசமாக்குவதை நான் அநாகரிகம் என்றே சொல்வேன்.

கொழும்புப் பதிவுக்கு நெருங்கிய உறவான ஒரு சட்டம் இங்கிலாந்திலும் உண்டு. வாடகைக்கு வருபவரின் குடிவரவு அந்தஸ்தை வீட்டு உரிமையாளரே சோதிக்கவேண்டும் என்ற விதி 2016 பெப்ரவரி முதல் இங்கிலாந்து முழுவதற்கும் அமுலில் இருக்கிறது. அது இனப்பாகுபாட்டுக்கு வழிவகுக்கிறது என்று 2019இல் லண்டன் உயர் நீதிமன்றம் கண்டது. 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியதால் விதி நிலைத்தது. பிள்ளைகளின் கடவுச்சீட்டையும் விசாவையும் வாங்கிப் பார்க்கச் சொல்லும் இந்த விதிக்கு எதிராக எழுதும்படி எந்த வீட்டுக்காரரும் இதுவரை என்னிடம் கேட்டதில்லை. வாடகைக்காரனைச் சோதிக்கும் சட்டம் அவர்களுக்குச் சுமையாகத் தெரியவில்லை. தம்மைச் சோதிக்கும் சட்டம் வந்ததும் 2007 ஞாபகம் வருகிறது.

மூன்றாவது வாதம்தான் எல்லாவற்றிலும் இனிப்பானது, ஆகவே எல்லாவற்றிலும் ஆபத்தானது: "நான் உதவிதான் செய்யிறன். இந்தப் பெடியளுக்கு வேற ஆர் வீடு குடுப்பினம்?"

இதில் பாதி உண்மை. மாணவர் விசாவிலும், 2022க்குப் பின்னர் பராமரிப்பு வேலை விசாவிலும் வந்திறங்கிய எமது இளைஞர்களுக்கு வங்கிக் கணக்கு வரலாறு இல்லை, பிணை நிற்பவர் இல்லை, முகவருக்குக் கொடுத்த கடன் மட்டும் இருந்தது. வீட்டு முகவர் நிலையங்கள் அவர்களைத் திருப்பி அனுப்பின. அந்த நேரத்தில் ஒரு தமிழ் வீட்டின் கதவு திறந்தது. அந்தக் கதவைத் திறந்த எல்லோரையும் நான் குறை சொல்லவில்லை. தாமும் அதே வீட்டில் வசித்துக்கொண்டு ஒருவரையோ இருவரையோ வைத்திருக்கும் எத்தனையோ நல்ல குடும்பங்களை எனக்குத் தெரியும். அப்படி இருவர் வரை வைத்திருப்போருக்குக் கட்டாய எச்.எம்.ஓ. அனுமதிப்பத்திரமும் தேவையில்லை. சட்டம் உதவியையும் வியாபாரத்தையும் வேறுபடுத்தியே பார்க்கிறது. எட்டுப் பேரை அடைத்து 3,600 பவுண் வாங்குவது வியாபாரம். அதை வியாபாரம் என்று ஒப்புக்கொள்வதில் இழுக்கில்லை. உதவி என்று பெயர் சூட்டினால், உதவி பெற்றவன் முறையிட முடியாதவனாகிவிடுகிறான். புகைக் கருவிக்குப் பற்றரி கேட்டால் நன்றி கெட்டவன். பற்றுச்சீட்டுக் கேட்டால் ஊர்ப் பெயரைக் கெடுத்தவன். உறவின் பெயரால் வாயை அடைப்பது எமக்குப் புதிதல்ல. காணி வழக்கிலும் சீதனத்திலும் அதைக் கண்டு வளர்ந்தவர்கள்தானே நாம்.

இந்தச் சட்டம் எவரோ ஓர் அதிகாரி பொழுதுபோகாமல் எழுதியதல்ல. 1981 டிசம்பரில் மேற்கு லண்டனின் நொட்டிங் ஹில் பகுதியில், கிளன்ரிக்காட் கார்டன்ஸ் என்ற இடத்தில், ஒற்றை அறைகளாகப் பிரித்து வாடகைக்கு விடப்பட்டிருந்த வீட்டில் தீ மூண்டு எட்டுப் பேர் மாண்டனர். 1999 மார்ச்சில் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் நிலக்கீழ்த் தளக் குடியிருப்பில் வசித்த இரண்டு மாணவர்கள் தீயில் சிக்கி இறந்தனர். யன்னல்களுக்குக் கம்பி போடப்பட்டிருந்தது. அவர்களால் வெளியேற முடியவில்லை. மறு ஆண்டே, 2000 ஒக்டோபரில், ஸ்கொட்லாந்து இத்தகைய வீடுகளுக்கு அனுமதிப்பத்திரத்தைக் கட்டாயமாக்கியது. இங்கிலாந்து அதன் பின்னரே விழித்தது.

யன்னல் கம்பி என்றதும் எமக்கு என்ன ஞாபகம் வருகிறது? யாழ்ப்பாணத்தில் கம்பியில்லாத யன்னல் உண்டா? கள்ளனுக்குப் பயந்து கம்பி போட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பழக்கத்தில் அண்ணர் தமது வீட்டின் கீழ்த்தள யன்னலுக்கும் கம்பி போட்டிருந்தார். எமது ஊரில் அது பாதுகாப்பு. ஆனால் யாழ்ப்பாணத்து வீடு கல்லும் சீமெந்தும் ஓடும், சுற்றிவர முற்றம். லண்டன் வரிசை வீட்டுக்குள் படியும் தளமும் பலகை. அந்தப் படிக்குக் கீழேதான் மின்மானி. தீ பிடித்தால் புகை ஏறும் வழியும் அதுதான், மேல் அறையில் படுத்திருப்பவன் இறங்கும் வழியும் அதுதான்.

பழங்கதை என்பவர்களுக்குப் புதிய கதையும் இருக்கிறது. 2023 மார்ச்சில் கிழக்கு லண்டனின் ஷட்வெல் பகுதியில் இரண்டு படுக்கையறைகள் மட்டுமே கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பில் மின்சார சைக்கிளின் லிதியம் பற்றரி தீப்பற்றியது. உள்ளே பதினைந்துக்கும் மேற்பட்டோர் வசித்தனர். பங்களாதேஷைச் சேர்ந்த ஒருவர் உயிரிழந்தார். உரிமையாளர்கள் பின்னர் வீடமைப்புச் சட்டக் குற்றங்களை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்கள். அவ்விடம் ஈஸ்ட்ஹாமிலிருந்து தூரமில்லை. நான் ஒடியல்மாப் பொதியோடு போனது அதற்கு ஒன்பது மாதங்களின் பின்னர். அந்த வீட்டின் ஒடுங்கிய வழியிலும் இரண்டு மின்சார சைக்கிள்கள் பற்றரி ஏற்றிக்கொண்டு நின்றன.

இந்த மூன்று வாதங்களையும் கழித்த பின்னர் உண்மைக் காரணம் எஞ்சுகிறது. அதை எவரும் மண்டபத்தில் உரத்துச் சொல்வதில்லை. அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பிப்பவர், அவ்வீட்டில் சட்டரீதியான நலன் உள்ள ஏனையோருக்கு எழுத்தில் அறிவிக்கவேண்டும். அவர்களில் முக்கியமானவர் வீட்டுக்கடன் கொடுத்த வங்கி. நம்மவர்களில் பலர் தாம் வசிப்பதற்கு என்று சொல்லிக் குறைந்த வட்டிக்கு மோட்கேஜ் எடுத்த வீட்டையே அறை அறையாக வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். விண்ணப்பித்தால் வங்கிக்குத் தெரியும். காப்புறுதி நிறுவனத்துக்கும் உண்மையைச் சொல்லவேண்டிவரும். வருமான வரியிலும் கேள்வி வரும். இதுதான் பயம். வெள்ளைக்காரன், வரலாறு, இனம், உதவி எல்லாம் இந்தப் பயத்துக்குப் போர்த்திய பொன்னாடைகள். அத்தோடு, அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர் தகுதியும் நேர்மையும் உள்ளவர்தானா என்று நகரசபை பார்க்கும். மோசடி, வன்முறை, பாகுபாடு, வீடமைப்புச் சட்ட மீறல் ஆகிய குற்றங்கள் இருந்தால் கணக்கில் எடுக்கும். ஊரில் தர்மகர்த்தாவாக இருப்பதற்கும் பழைய மாணவர் சங்கத் தலைவராக இருப்பதற்கும் இந்தக் கேள்வியை எவரும் கேட்பதில்லை. ஆகவே கேட்கப்படும்போது சுடுகிறது.

நகரசபைகளுக்கு நான் வக்காலத்து வாங்குவதாக எவரும் கருதவேண்டாம். கட்டணத்தை வாங்கிவிட்டு மாதக்கணக்கில் விண்ணப்பத்தைத் தூசு படியவிடும் சபைகள் உண்டு. நேரில் வந்து பார்க்காமலே காகிதத்தை அனுப்பும் சபைகளும் உண்டு. ஒழுங்காக விண்ணப்பித்தவரைத் துருவித் துருவிக் கேட்டுவிட்டு, விண்ணப்பிக்காதவரைத் தேடிப் போகாத சோம்பல் அவர்களிடம் இருக்கிறது. அதிகார முத்திரை உயிரைக் காக்கும் மந்திரமுமல்ல. 2017 ஜூன் 14ஆம் திகதி 72 பேரைப் பலிகொண்ட கிரென்ஃபெல் கோபுரம் ஒரு நகரசபைக்கே சொந்தமானது. அங்கு வசித்தவர்கள் பல ஆண்டுகளாக எச்சரித்தும் எவரும் செவிமடுக்கவில்லை. ஆனால் அதிலிருந்து பெறும் பாடம் என்ன? வசிப்பவனின் குரலைக் கேட்கவேண்டும் என்பதுதான். வீட்டுக்காரரை எவரும் கேள்வி கேட்கக்கூடாது என்பதல்ல.

சட்டத்தை இறுக்கினால் அந்த எட்டுப் பேரும் தெருவுக்கு வருவார்களே என்பது இன்னொரு நியாயமான கவலை. பெரியவர் ஒருவர் உறங்கும் அறை குறைந்தது 6.51 சதுர மீற்றர், அதாவது ஏறத்தாழ 70 சதுர அடி இருக்கவேண்டும். இருவருக்கு 10.22 சதுர மீற்றர். அந்த வீட்டின் சிறிய மேல் அறையைக் காலடியால் அளந்து பார்த்தேன், தேறாது. எட்டுப் பேரில் இருவரோ மூவரோ வெளியேறவேண்டி வரலாம். ஆனால் ஏற்கெனவே இயங்கும் வீடு முதன்முறையாக அனுமதிப்பத்திரம் பெறும்போது, அறைகளின் அளவையும் ஆட்தொகையையும் சரிசெய்ய 18 மாதங்கள் வரை அவகாசம் அளிக்கச் சட்டத்தில் இடமுண்டு. முறையாக நிரப்பிய விண்ணப்பத்தைக் கட்டணத்துடன் சமர்ப்பித்தவர், அது பரிசீலனையில் இருக்கும்வரை, அனுமதிப்பத்திரமின்றி வீடு நடத்திய குற்றச்சாட்டுக்கு அதையே எதிர்வாதமாக வைக்கவும் முடியும். முன்வந்து விண்ணப்பிப்பவருக்குச் சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. பிடிபடும்வரை காத்திருப்பவருக்குத்தான் 30,000 பவுண் வரை தண்டம் விதிக்கும் அதிகாரம் 2017இல் நகரசபைகளுக்குக் கொடுக்கப்பட்டது. 2025 ஒக்டோபரில் நிறைவேறிய வாடகைக்காரர் உரிமைச் சட்டம் அந்த உச்சத்தை 40,000 ஆக்கியது. வாடகைக்காரர் தீர்ப்பாயத்துக்குச் சென்று மீளக் கோரக்கூடிய வாடகையின் உச்சத்தையும் 12 மாதங்களிலிருந்து 24 மாதங்களாக உயர்த்தியது.

அந்தப் பிள்ளைகள் அப்படிக் கோரமாட்டார்கள் என்பது அண்ணரின் நம்பிக்கை. காசாகக் கொடுத்த வாடகைக்கு அவர்களிடம் அத்தாட்சி இல்லை. மச்சான்மார் மச்சான்மீது வழக்கு வைப்பதும் இல்லை.

இது லண்டனின் கதை மட்டும்தானே என்று ரொறன்ரோ வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். எம்மவர்கள் நிறைந்து வாழும் ஸ்காபரோவில் அறை அறையாக வாடகைக்கு விடும் வீடுகள் பல தசாப்தங்களாகச் சட்டத்துக்கே புறம்பானவையாக இருந்தன. தடைசெய்தால் இல்லாமற் போய்விடும் என்று சபை நினைத்தது. அவை ஒளிந்துகொண்டன. 2018இல் அவ்வாறான ஒரு வீட்டில் ஏற்பட்ட தீயில் ஸ்காபரோவில் பயின்ற பல்கலைக்கழக மாணவி ஒருவர் பலியானார். 2024 மார்ச் 31 முதல் ரொறன்ரோ மாநகரம் முழுவதிலும் அத்தகைய வீடுகள் அனுமதிப்பத்திரத்துடன் சட்டபூர்வமாக்கப்பட்டன. ஒளித்து நடத்துவதற்கு இருந்த கடைசிச் சாட்டும் அங்கே போய்விட்டது.

நான் கேட்பது பெரிய புரட்சியை அல்ல. வீட்டுக்காரர்களே, விண்ணப்பியுங்கள். படிவம் விளங்கவில்லையென்றால் கேளுங்கள். இராப்போசன விருந்துக்கும் கிரிக்கெட் போட்டிக்கும் ஆள் திரட்டும் பழைய மாணவர் சங்கங்கள் வருடத்தில் ஒரு சனிக்கிழமையை ஒதுக்கி, இந்தப் படிவத்தை நிரப்ப உதவட்டும். கோவில்கள் அன்னதானத்துக்கு வரிசையில் நிற்கும் இளைஞர்களிடம் ஒரு துண்டுப்பிரசுரத்தைக் கொடுக்கட்டும்: வாடகைக்குப் பற்றுச்சீட்டு வாங்கு, அல்லது வங்கி மூலம் கட்டு. பற்றரியைக் கழற்றாதே. முன்கதவுச் சாவி எங்கே என்று தெரிந்துகொள். தமிழ் வானொலிகளும் பத்திரிகைகளும் "அறை வாடகைக்கு" என்ற விளம்பரத்தை வாங்கும்போது அனுமதிப்பத்திரம் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். விளம்பரப் பணத்தில் சம்பளம் வாங்கிய என் போன்றவர்களும் அந்தக் கேள்வியை அன்று கேட்டதில்லை.

ஊரிலிருக்கும் பெற்றோரும் ஒன்றைக் கேட்கவேண்டும். "சாப்பிட்டியோ, குளிரோ" என்று தினமும் கேட்கிறீர்கள். எத்தனை பேர் ஓர் அறையில் படுக்கிறீர்கள் என்றும் ஒரு தடவை கேளுங்கள்.

இனி ஒரு திருத்தம். பத்திரிகையில் பிழையான செய்தி வந்தால் மறுநாள் திருத்தம் போடுவது எமது தொழிலின் மரபு. 2024 ஜனவரியில் ஊர் திரும்பியதும் அந்தத் தம்பியின் தாயார் என்னைத் தேடி வந்தார். "தம்பி, பிள்ளை இருக்கிற வீடு எப்பிடி?" என்று கேட்டார். அவர் முகத்தைப் பார்த்து என்னால் வேறு எதுவும் சொல்ல முடியவில்லை. "நல்ல வீடு அக்கா. எங்கட ஆக்களின்ர வீடுதான். எல்லாரும் சகோதரங்கள் மாதிரி இருக்கினம்" என்றேன்.

அச்செய்தி பிழையானது. அந்தத் தம்பி இன்னும் அந்த வீட்டின் சிறிய மேல் அறையிலேயே இருக்கிறார். அந்த வீட்டுக்கு இன்னும் அனுமதிப்பத்திரம் இல்லை. அண்ணை, இதை வாசித்தால் உங்களுக்குக் கோபம் வரும் என்று தெரியும். கோபம் ஆறியதும் விண்ணப்பப் படிவத்தை எடுங்கள். ஒருவாறு நானும் உங்களோடு இருந்து நிரப்பித் தருகிறேன்.